அழுங்குக்குச் சட்டம் இருக்கிறது, அதன் சாப்பாட்டுக்கு?

அழுங்கை வேட்டையாடி மாட்டினால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை, அதிகபட்சம் ஏழு ஆண்டு. அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சரி, அந்த அழுங்கு ராத்திரி முழுக்கத் தோண்டித் தின்னும் கறையான் புற்றை ஒரு ஜேசிபி வந்து அரை மணி நேரத்தில் தள்ளிவிட்டுப் போனால்? ஒன்றும் கிடையாது. கேட்க ஆளும் இல்லை, கேட்பதற்குச் சட்டப் பிரிவும் இல்லை.

ஒன்று பாலூட்டி, இன்னொன்று பூச்சி. ஒன்று உலகமே கவலைப்படும் விலங்கு. இன்னொன்றைப் பார்த்தால் நமக்கு நினைவுக்கு வருவது நிலைக்கதவும், பரணில் கிடக்கும் பழைய பத்திரக்கட்டும், குளோர்பைரிபாஸ் நெடியும்தான். நார்த்தாமலை பக்கத்துப் பாறைக் குன்று, முட்புதர், செம்மண் என்று கிடக்கும் புதுக்கோட்டை மாவட்டத்து நிலம் இரண்டுக்கும் தோதானது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உயிரினங்களை நாம் எப்படி வகைப்படுத்துகிறோம், எதைக் காப்பாற்றவேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறோம் என்ற இரண்டு விஷயமும் ஓரளவு புரியும். இரண்டாவதில் நாம் விடும் ஓட்டையும் தெரியும்.

ஊர்வனவும் இல்லை, எறும்பும் இல்லை

இந்த இரண்டு உயிரினங்களையும் பற்றி நமக்கு இருப்பது தப்பான அறிமுகம்.

அழுங்கை முதல்முறை பார்க்கிறவர்கள் உடும்பு வகை, முதலைக் குட்டி என்றெல்லாம் நினைப்பதுண்டு. தலையிலிருந்து வால் நுனிவரை செதில். ஆனால் அது மீன் செதிலும் இல்லை, பாம்புச் செதிலும் இல்லை. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டின்தான். செதில்களுக்கு இடையிலும் வயிற்றுப் பக்கமும் முடி இருக்கும். குட்டி போடும், பால் கொடுக்கும். குட்டி அம்மாவின் வால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சவாரி போகும். ஆக, சந்தேகமே இல்லாமல் பாலூட்டி.

எறும்புத்தின்னி என்று இன்னொரு பெயர் இருப்பதால் அடுத்த குழப்பம். தென் அமெரிக்காவில் நீண்ட மூக்கோடு ஒரு எறும்புத்தின்னி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் கறையான் தின்னும் ஆர்டுவார்க் இருக்கிறது. பல் இல்லாத வாய் அல்லது பெயருக்கு நாலு பல், நீளமான ஒட்டும் நாக்கு, தோண்டும் நகம் என்று மூன்றும் ஒரே மாதிரி தெரிந்ததால் அந்தக் கால இயற்கையியலாளர்கள் இவற்றை 'பல்லில்லாதவை' என்று ஒரே கூடைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு மரபணுவைப் படிக்கத் தொடங்கியபோது கதை மாறியது. அழுங்குக்கு மிக நெருங்கிய உறவு யார் தெரியுமா? பூனை, நாய், கரடி எல்லாம் அடங்கிய ஊனுண்ணி வரிசை. தென் அமெரிக்க எறும்புத்தின்னிக்கும் இதற்கும் சம்பந்தம் சாப்பாட்டில் மட்டும்தான். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு குடும்பங்கள் ஒரே மாதிரிக் கருவி வைத்திருப்பது போல.

இப்போது கறையானுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதை வெள்ளை எறும்பு என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்; நம்மிலும் பலர் அப்படியே எடுத்துக்கொண்டோம். எறும்பு, தேனீ, குளவி மூன்றும் ஒரே வரிசை. கறையான் அந்தப் பக்கமே இல்லை. அது கரப்பான்பூச்சி! 2007இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் மூன்று பேர் வெளியிட்ட மரபணு ஆய்வு, கறையானுக்கென்று தனி வரிசை தேவையில்லை, அது கூட்டமாக வாழப் பழகிய கரப்பான் வகைதான் என்று அடித்துச் சொன்னது. மரம் தின்னும் ஒருவகைக் காட்டுக் கரப்பான்தான் அதற்கு ரொம்ப நெருங்கிய சொந்தம். இன்று பெரும்பாலான பூச்சியியல் நூல்கள் கறையானைக் கரப்பான் வரிசையிலேயே சேர்க்கின்றன.

நம்பமுடியவில்லையா? அடுத்த மழைக்கு ஈசல் கிளம்பும்போது ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். ஈசலுக்கு இடுப்பே கிடையாது, உணர்கொம்பு மணி கோத்த மாதிரி நேராக இருக்கும், நாலு இறக்கையும் ஒரே அளவு. எறும்புப் புற்றில் ஆண், கலவி முடிந்ததும் செத்துப்போகும்; வேலை செய்வதெல்லாம் பெண்கள். கறையான் புற்றில் ராணியோடு ராஜாவும் உள்ளேயே குடித்தனம் நடத்தும்; வேலைக்காரர்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அந்த ஏணியை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். அழுங்கு முதுகுநாணித் தொகுதி, பாலூட்டி வகுப்பு, போலிடோட்டா வரிசை. அந்த வரிசையில் இன்று உயிரோடு இருப்பது ஒரே ஒரு குடும்பம். நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்குப்படி எட்டு சிற்றினங்கள்: ஆசியாவில் நாலு, ஆப்பிரிக்காவில் நாலு. (அண்மை மரபணு ஆய்வுகள் இந்தக் கணக்கைக் கூட்டச் சொல்கின்றன.) நம் ஊரில் இருப்பது இந்திய அழுங்கு, அறிவியல் பெயர் மானிஸ் கிராசிகௌடாட்டா. தடித்த வால்காரன் என்று பொருள். கறையானோ கணுக்காலித் தொகுதி, பூச்சி வகுப்பு. உலகம் முழுக்க சுமார் 3,000 சிற்றினங்கள், இந்தியாவில் ஏறக்குறைய 300. நாம் பார்க்கும் பெரிய மண் புற்றுகளைக் கட்டுவது பெரும்பாலும் ஓடோன்டோடெர்மஸ் என்ற பேரினம்.

இரண்டும் விலங்குலகம் என்ற முதல் படியில் சந்தித்துவிட்டு அடுத்த படியிலேயே பிரிந்துவிடுகின்றன. இரண்டுக்கும் பொதுவான மூதாதையைத் தேடினால் 50 கோடி ஆண்டுக்கும் பின்னால் போகவேண்டும். அதற்கப்புறம் இரண்டும் சந்திப்பது நாக்கு நுனியில்தான்.

சிவப்புப் பட்டியல் எப்படி முடிவு செய்கிறது?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964இலிருந்து சிவப்புப் பட்டியல் என்று ஒன்றைப் பராமரித்து வருகிறது. அதில் ஒரு உயிரினம் எந்தப் படியில் இருக்கிறது என்பதை அதன் அழகோ பயனோ தீர்மானிப்பதில்லை. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது, பரப்பு எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இந்திய அழுங்கு 2014இலிருந்து 'அருகிவரும்' படியில் இருக்கிறது. மூன்று தலைமுறைக் காலத்தில், அதாவது சுமார் 21 ஆண்டுகளில், எண்ணிக்கை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போகக்கூடும் என்ற கணிப்பு அதற்குக் காரணம். அதன் உறவினர்களான சீன அழுங்கும் சுண்டா அழுங்கும் இன்னும் ஒரு படி மோசம், 'மிக அருகிய' நிலை. அங்கே கிடைப்பது குறையக் குறைய வாங்குகிறவர்களின் கண் இந்தியா பக்கம், ஆப்பிரிக்கா பக்கம் திரும்பியது.

ஏன் இவ்வளவு வேகமாகக் குறைகிறது? அழுங்கு பொதுவாக ஒரு ஈற்றுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். கறையான் ராணி ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புற்றில் பாதியை அழித்தாலும் கறையான் கூட்டம் மறுபடி தலைதூக்க வாய்ப்பு உண்டு. ஒரு குன்றிலிருந்து நாலு அழுங்கை எடுத்துவிட்டால் அந்தக் குன்றின் கதை முடிந்தது.

அதைப் பிடிப்பதும் சுலபம். ஆபத்து என்றால் அழுங்கு ஓடாது, கடிக்காது (பல்லே கிடையாது), உருண்டு பந்தாகிவிடும். சிறுத்தையால்கூட அந்தப் பந்தைப் பிரிப்பது கஷ்டம். பல கோடி ஆண்டு வேலை செய்த அந்த உத்தி, சாக்குப்பையோடு வருகிற மனிதனுக்கு வசதியாகப் போய்விட்டது. பிடிக்கிறவன் துரத்தவே வேண்டாம், தூக்கிப் பையில் போட்டால் போதும்.

2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டில் இந்தியாவில் பதிவான 342 பறிமுதல்களில் குறைந்தது 1,203 அழுங்குகள் சட்டவிரோத வணிகத்தில் சிக்கியிருந்ததாக டிராஃபிக், டபிள்யூடபிள்யூஎஃப் இந்தியா அமைப்புகளின் கணக்கு சொல்கிறது. இது மாட்டியது மட்டும். கறி உள்ளூரில் போகிறது, செதில் எல்லை தாண்டிப் போகிறது. செதிலில் மோதிரம் செய்து போட்டால் மூலம் குணமாகும் என்றொரு நம்பிக்கை இங்கேயும் உண்டு. அப்படியே குணமாகும் என்றால் நாம் வாரம் ஒருமுறை வெட்டித் தூக்கிப் போடும் நகத்திலேயே மோதிரம் செய்து போட்டுக்கொள்ளலாம், பொருள் ஒன்றுதானே!

உலக அளவில் 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் எட்டு அழுங்கு இனங்களையும் பன்னாட்டு வணிகத்தடையுள்ள முதல் பின்னிணைப்புக்கு மாற்றினார்கள். கொரோனா வந்த 2020இல் சீனா தன் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து அழுங்குச் செதிலை நீக்கியது. ஆனாலும் விற்பனை நின்றுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

விராலிமலை மயில் சொல்லும் பாடம்

இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிவப்புப் பட்டியல் வேறு, நம் நாட்டுச் சட்டம் வேறு. இதற்குப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு வெளியூர் உதாரணமே வேண்டாம். விராலிமலை மயில் போதும். சிவப்புப் பட்டியலில் மயில் 'கவலை குறைந்த' படியில் இருக்கிறது. எண்ணிக்கை நன்றாகவே இருக்கிறது, கடலை போட்ட விவசாயியைக் கேட்டால் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்பார். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை. தேசியப் பறவை என்பதால் கிடைத்த மரியாதை. அழுங்கும் அதே முதல் அட்டவணைதான். ஆக, அட்டவணையை மட்டும் வைத்து ஒரு விலங்கு அழிகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது.

சரி, கறையான்? அதற்கு அட்டவணையும் இல்லை, படியும் இல்லை. உலகில் விவரிக்கப்பட்ட பூச்சி இனங்கள் பத்து லட்சத்துக்கு மேல். அவற்றில் சிவப்புப் பட்டியலுக்காக மதிப்பிடப்பட்டவை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும். பாலூட்டிகளிலோ கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மதிப்பிட்டாகிவிட்டது. கறையான்களில் பெரும்பாலானவை 'மதிப்பிடப்படாதவை'. நம் சட்டத்திலும் சில பட்டாம்பூச்சிகளுக்கும் வண்டுகளுக்கும் இடம் கிடைத்திருக்கிறது, கறையானுக்கு இல்லை.

'மதிப்பிடப்படாதவை' என்பதை 'நிறைய இருக்கு, கவலை இல்லை' என்று நாம் படித்துக்கொள்கிறோம். அது தப்பு. பரிசோதனைக்கே போகாத ஆளுக்கும், பரிசோதனை செய்து 'ஒன்றுமில்லை' என்று டாக்டர் சொன்ன ஆளுக்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா? கறையான் அழிந்துகொண்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதில் எது நன்றாக இருக்கிறது, எது காணாமல் போகிறது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

எண்ணவேண்டிய அவசியம் என்ன? 3,000 கறையான் இனங்களில் வீட்டையும் பயிரையும் உண்மையிலேயே சேதப்படுத்துபவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவை காய்ந்த சருகையும் செத்த கட்டையையும் சாணத்தையும் மண்ணுக்குள் கொண்டுபோகின்றன. மண்ணைக் கிளறி, தண்ணீர் இறங்க வழி செய்கின்றன. ஓடோன்டோடெர்மஸ் வகையோ ஒரு விவசாயி. புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் போடுகிறது. மழைக்குப் பிறகு புற்றுமேல் முளைக்கும் காளான் அந்தத் தோட்டத்தின் மகசூல்தான். மலேசியாவின் போர்னியோ காட்டில் 2015-16 வறட்சியின்போது நடந்த ஒரு ஆய்வு 2019இல் வெளிவந்தது. கறையானை அகற்றிய இடங்களைவிட அது இயல்பாக இருந்த இடங்களில் மண் ஈரம் கூடுதல். நாற்றுகள் பிழைத்ததும் ஏறக்குறைய பாதியளவு கூடுதல். அது மழைக்காடு, நம்முடையது வறண்ட நிலம். எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டமுடியாது. ஆனால் மழை பொய்த்தால் கண்மாய் காயும் ஒரு மாவட்டம் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

தைலமரத்துக்குள் அழுங்கு ஏது?

இனி நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். காகித ஆலைகளின் கூழ் தேவைக்காகப் புதுக்கோட்டையின் காட்டு நிலங்களில் பல்லாயிரம் ஏக்கர் தைலமரமாக மாறியது பழைய கதை. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இதில் பெரிய பங்காளி. நிலத்தடி நீர் போகிறது, மழைத்தண்ணீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் வரப்பு போடுகிறார்கள் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அந்த வாதத்தில் தண்ணீர் இருக்கிறது, நியாயமாகவே இருக்கிறது. புற்று இல்லை.

தைலமரத் தோப்பு பார்வைக்குக் காடு மாதிரிதான். ஆனால் சில ஆண்டுக்கொருமுறை மொத்தமாக வெட்டி, மண்ணைப் புரட்டி, மறுபடி நடுகிறோம். இளம் தைலக்கன்றின் முதல் எதிரி கறையான் என்பதால் நடும்போதே பூச்சிமருந்தும் சேர்கிறது. பெரிய புற்று ஒன்று வளர்ந்து நிலைக்கப் பல ஆண்டு வேண்டும். அழுங்குக்கோ தோண்டத் தோண்ட எறும்பும் கறையானும் கிடைக்கிற புற்றுகள் நிறைய வேண்டும், பகலில் படுக்க வளையும் பாறை இடுக்கும் வேண்டும். அப்படி ஒரு நிலத்தில் யாரும் வேட்டையாடாமலே அழுங்கு இல்லாமல் போகும். அதற்கு எந்த வழக்கும் பதிவாகாது. முதல் அட்டவணை விலங்கின் உடம்புக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, அதன் சமையலறையைத் திறந்துபோட்டிருக்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் அங்கே 193.42 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அது புலி உலவும் பெருங்காடு இல்லை. பாறைக் குன்றும் சுனையும் கண்மாயும் பழைய குடைவரைக் கோயிலும் உள்ள ஊர்ப்புறம். அங்கே வாழும் உயிர்களாக அரசு குறிப்பிட்டவற்றில் அழுங்கும் தேவாங்கும் உண்டு. அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தபோது ஊர் மக்கள் திரண்டு நின்றார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. இங்கே கவனிக்கவேண்டியது, அந்தச் சட்டப் பிரிவு ஒரு விலங்கைத் தனியாக எடுத்துப் பேசுவதில்லை. இடத்தைப் பேசுகிறது. இடம் நின்றால் புற்றும் நிற்கும்.

புதுக்கோட்டைக்கும் இது புதிதில்லை. 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு பாதுகாப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில்தான் இருக்கிறது. கடற்பசுவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அது மேயும் கடற்புல்லைக் காப்பாற்றவேண்டும் என்பது அங்கே முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் புரிந்திருந்தது. கடலில் புரிந்தது கரையேறினால் மறந்துபோவானேன்?

நார்த்தாமலை, குடுமியான்மலை மாதிரிப் பாறைக் குன்றுகளும், அய்யனார் கோயில்களை ஒட்டி மிஞ்சியிருக்கும் கோயில் காடுகளும் இதற்கு ஏற்ற இடங்கள். கோயில் காட்டில் புற்றை யாரும் தொடுவதில்லை. மஞ்சள் பூசிக் கும்பிடும் புற்றுக்கு மருந்தடிக்க யாருக்குக் கை வரும்? 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கவேண்டும். அந்தப் பதிவேட்டில் மரமும் மூலிகையும் பறவையும் எழுதுகிறோம். புற்றையும் எழுதலாம். எங்கே, எத்தனை, எந்த உயரம் என்று எழுத முனைவர் பட்டம் தேவையில்லை, கையில் இருக்கும் போன் போதும். பள்ளிப் பிள்ளைகளே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள். தைலமரம் வெட்டி முடிந்த பகுதிகளில் குன்றடி ஓரத்தையாவது மறுபடி நடாமல் நாட்டுப் புதருக்கு விட்டுவிடுவதை வனத்தோட்டக் கழகம் யோசிக்கவேண்டும்.

கண்ணில் பட்டால்?

இது போன் வைத்திருக்கும் எல்லோருக்கும். ராத்திரி பைக்கில் வரும்போதோ, கிணற்றுக்குள் விழுந்து கிடந்தோ ஒரு அழுங்கு உங்கள் கண்ணில் படலாம். பார்ப்பது குற்றமில்லை. பிடித்து வீட்டில் வைப்பது குற்றம், 'காப்பாற்றத்தான் வைத்திருந்தேன்' என்பது எடுபடாது. மிரண்டு உருண்டு கிடந்தால் விலகி நில்லுங்கள், நாயைத் துரத்துங்கள், கூட்டம் சேர விடாதீர்கள், வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சாலையில் இருந்தால் கடந்து போகும்வரை வண்டியின் விளக்கை அணைத்துக் காத்திருந்தால் போதும்.

வீடியோ எடுக்கக் கை துறுதுறுக்கும். எடுத்தாலும் ஊர் பெயரோடு ரீல்ஸில் போட்டுவிடாதீர்கள். அதை லைக் போடுகிறவர்கள் மட்டும் பார்ப்பதில்லை, சாக்குப்பைக்காரரும் பார்ப்பார். முன்பெல்லாம் வேட்டைக்காரர் வளையைத் தேடி நாலு ராத்திரி அலையவேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையை நாமே லொக்கேஷன் போட்டு முடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

கறையானுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் வந்தால் விரட்டத்தான் வேண்டும், அதில் பாவம் பார்க்க ஒன்றுமில்லை. அஸ்திவாரத்தைச் சுற்றி மருந்து போடுகிறவர், மிச்சத்தை ஏன் வீணாக்கவேண்டும் என்று கொல்லைக்கு அப்பால் தரிசில் நிற்கும் புற்றிலும் ஊற்ற வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் புற்று உங்கள் கதவைத் தின்னவில்லை.